ஜெயிலில் இருந்த சேர்மன்

1941-ம் ஆண்டு. விருதுநகர் நகரசபைக்குப் புதிய தலைவரைத் தேர்ந்து எடுத்தார்கள்.

தலைவருக்கு நாற்காலி தயார். ஆனால் அதில் உட்கார ஆள் இல்லை!

காரணம், தலைவர் வேலூர் மத்திய சிறையில் இருந்தார். அவர் ஓட்டுக் கேட்டு வரவில்லை. மேடை ஏறிப் பேசவில்லை. ஊர்க்காரர்களே அவரைக் கவுன்சிலர் ஆக்கினார்கள். பிறகு சேர்மனும் ஆக்கினார்கள்.

சில மாதங்கள் கழித்து அவர் விடுதலை ஆனார். நேராக ஊருக்கு வந்தார். நகரசபைக்குப் போனார். பதவியை ஏற்றார். ஏற்ற கையோடு ராஜினாமாவும் செய்துவிட்டார்!

அவர் சொன்ன காரணம் எளிமையானது. ஒரு பதவியை ஏற்றால் அதன் வேலையை முழுதாகச் செய்யவேண்டும். நானோ எந்த நேரமும் மறுபடி சிறைக்குப் போகவேண்டியவன். ஊர் வேலை கெடக்கூடாது என்றார்.

அவர்தான் காமராஜர்.

முதல்-மந்திரி காமராஜரை எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடம் திறந்தவர், பிள்ளைகளுக்குச் சோறு போட்டவர் என்று பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லுவார்கள். அதற்கு முன்னால் அவர் வாழ்ந்த வாழ்க்கை பலருக்குத் தெரியாது. வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்து, கையை ஓங்காமல் போராடிய காமராஜரின் கதை இது.

இரண்டு தோடுகள்

காமராஜர் பிறந்தது 1903-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி. ஊருக்கு அப்போது விருதுபட்டி என்று பெயர்.

சுற்றிலும் கரிசல் காடு. மழை பெய்தால் விளைச்சல், பொய்த்தால் பட்டினி. பருத்தி, மிளகாய், எண்ணெய் என்று வியாபாரம் நடக்கும் சந்தை ஊர் அது.

தந்தை குமாரசாமி நாடார் தேங்காய்க் கடை வைத்து இருந்தார். தாயார் சிவகாமி அம்மாள். குலதெய்வத்தின் பெயரால் குழந்தைக்குக் காமாட்சி என்று பெயர் வைத்தார்கள். தாயார் ராஜா என்று செல்லமாக அழைப்பார். இரண்டும் சேர்ந்து காமராஜ் ஆயிற்று. பிறகு நாகம்மாள் என்ற தங்கை பிறந்தாள்.

சிறுவனுக்கு 6 வயது ஆகும்போது தந்தை இறந்துவிட்டார்.

சிவகாமி அம்மாள் தன் நகைகளை விற்றார். காதில் கிடந்த தோடுகளை மட்டும் வைத்துக்கொண்டார். நகை விற்ற பணத்தை ஒரு வியாபாரியிடம் கொடுத்து வைத்தார். மாதா மாதம் வந்த வட்டியில் குடும்பம் நடந்தது.

பையன் விருதுபட்டி சத்திரிய வித்தியாசாலை பள்ளியில் படித்தான். அந்தப் பள்ளிக்கு ஒரு பெருமை உண்டு. வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசி எடுத்து வைத்து, அதைச் சேர்த்து விற்று, பள்ளியை நடத்தினார்கள். பலர் கொடுத்த பிடி அரிசியால் ஒரு பள்ளிக்கூடமே நடக்கும் என்பதைச் சிறுவன் கண்ணால் பார்த்து வளர்ந்தான்.

ஆனால் படிப்பு நீடிக்கவில்லை. 12 வயதுக்குள் பள்ளியை விட்டு நின்றான். தாய்மாமன் கருப்பையா நாடாரின் துணிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான்.

இரண்டு ஊர், இரண்டு வழி

அந்தச் சீமையில் இரண்டு பெரிய சம்பவங்கள் நடந்து இருந்தன. காமராஜர் வளர்ந்த நாட்களில் இரண்டும் மக்களின் நினைவில் இருந்து மறையவில்லை.

ஒன்று பக்கத்து ஊரான சிவகாசியில் நடந்தது. அன்று நாடார் மக்களுக்குப் பல கோவில்களில் நுழைய உரிமை இல்லை. சிவகாசிக் கோவில் பற்றிய தகராறு முற்றியது. 1899-ம் ஆண்டு ஜூன் மாதம் பெரும் கூட்டம் ஆயுதங்களுடன் ஊரில் புகுந்தது. நூற்றுக்கணக்கான வீடுகள் எரிந்தன. இரு பக்கத்திலும் உயிர்கள் போயின. வழக்கு, தண்டனை, பகை என்று அந்தப் புண் ஆற வெகுகாலம் ஆயிற்று.

மற்றொன்று தூத்துக்குடியில் நடந்தது. அங்கே வெள்ளைக்காரர் நடத்திய கோரல் நூல் ஆலை இருந்தது. கூலி குறைவு. வேலை நேரம் அதிகம். வாரத்தில் ஒரு நாள் கூட ஓய்வு இல்லை. 1908-ம் ஆண்டு பிப்ரவரி மாதக் கடைசியில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். ஊர் மக்கள் பொருள் உதவி செய்தார்கள். சில நாட்களில் ஆலை நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது. வார விடுமுறை கிடைத்தது.

கூலிக்காரர்கள் ஆலைக்குப் போகாமல் நின்றார்கள். வெள்ளைக்கார முதலாளி பணிந்தான். நாட்டுக்கே அது புதுமையாக இருந்தது.

சர்க்கார் சும்மா இருக்கவில்லை. அடுத்த மாதமே வ.உ.சி.யையும் சிவாவையும் கைது செய்தது. வ.உ.சி. சிறையில் செக்கு இழுத்த கதை தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எல்லோரும் அறிந்தது. அப்போது காமராஜுக்கு 4 வயது.

மதுரையில் மகாத்மா

துணிக் கடையில் பையன் துணி அளந்தான். ஆனால் மனம் அங்கே இல்லை. யாராவது பத்திரிகை படித்தால் காது கொடுத்துக் கேட்பான். ஊர்வலம் போனால் கடையை விட்டு இறங்கிவிடுவான்.

1919-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் பஞ்சாபில் ஜாலியன் வாலாபாக் படுகொலை நடந்தது. ஆயுதம் இல்லாத மக்கள் கூட்டத்தின் மீது ஜெனரல் டயர் சுட உத்தரவு போட்டான். நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டார்கள். அந்தச் செய்தி விருதுபட்டித் துணிக் கடைக்கும் வந்தது. வாலிபரின் உள்ளம் கொதித்தது. அடுத்த ஆண்டு அவர் காங்கிரசின் முழுநேரத் தொண்டர் ஆனார். சம்பளம் கிடையாது.

1921-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் காந்திஜி மதுரைக்கு வந்தார். காமராஜர் அந்தக் கூட்டத்துக்குப் போனார். காந்திஜியை முதல் தடவையாக நேரில் கண்டார்.

அந்த மதுரைப் பயணம் சரித்திரத்தில் இடம் பெற்றது. ஏழைகள் முழு வேட்டியும் சட்டையும் வாங்க வழி இல்லாமல் இருப்பதைக் காந்திஜி எண்ணிப் பார்த்தார். செப்டம்பர் 22-ந் தேதி காலையில், முழங்கால் வரை ஒரு துண்டு மட்டும் உடுத்திக்கொண்டு வெளியே வந்தார். குடியானவனின் உடை அது. கடைசி மூச்சு வரை அதுவே அவர் உடை ஆயிற்று.

காமராஜர் பிறகு கள்ளுக் கடை மறியலுக்குப் போனார். மறியல் என்றால் கடையை உடைப்பது அல்ல. கடை வாசலில் கும்பிட்டபடி நிற்பது. குடிக்க வருகிறவரை வேண்டாம் என்று கெஞ்சுவது. ஏச்சு விழும், சில சமயம் அடியும் விழும். திருப்பி அடிக்கக்கூடாது.

வைக்கம் வீதி

பையன் கெட்டுப்போகிறான் என்று உறவினர் கவலைப்பட்டார்கள். ஊரை விட்டு அனுப்பினால் அரசியல் மறந்துவிடும் என்று எண்ணினார்கள். திருவனந்தபுரத்தில் இன்னொரு மாமன் மரக் கடை வைத்து இருந்தார். அங்கே அனுப்பி வைத்தார்கள்.

நடந்தது நேர் மாறு!

1924-ம் ஆண்டு திருவாங்கூர் சமஸ்தானத்தில் வைக்கம் சத்தியாக்கிரகம் தொடங்கியது. வைக்கம் கோவிலைச் சுற்றிய வீதிகளில் தாழ்த்தப்பட்டவர்களும் ஈழவர்களும் நடக்கக்கூடாது என்று தடை. கோவிலுக்குள் போவது இருக்கட்டும், தெருவிலேயே நடக்கக்கூடாது! அந்தத் தடையை எதிர்த்துத் தொண்டர்கள் வரிசை வரிசையாகப் போனார்கள். தடுத்த இடத்தில் நின்றார்கள். கைது ஆனார்கள். தமிழ்நாட்டில் இருந்து பெரியார் ஈ.வெ.ராமசாமி போய்ச் சிறைப்பட்டார்.

மரக் கடையில் இருந்த காமராஜரும் வைக்கத்துக்குப் போய்விட்டார்.

சிவகாசியில் தீயும் கத்தியும் பேசிய அதே குறை, வைக்கத்தில் கைகட்டி நின்று பேசியது. வெற்றி உடனே வரவில்லை. மழையிலும் வெயிலிலும் மாதக்கணக்கில் நின்றார்கள். 1925-ம் ஆண்டு கோவிலின் மூன்று பக்கத்து வீதிகள் எல்லோருக்கும் திறந்தன. 1936-ல் திருவாங்கூர்க் கோவில்கள் திறந்தன. மதுரை மீனாட்சி அம்மன் கோவிலுக்குள் நாடார்களும் அரிசனங்களும் நுழைந்தது 1939-ம் ஆண்டில்.

செய்தி அறிந்த உறவினர் காமராஜரை ஊருக்குத் திருப்பி அழைத்தார்கள். கல்யாணம் செய்துவைத்தால் சரி ஆகும் என்று பெண் பார்த்தார்கள். நாடு விடுதலை அடையும் வரை கல்யாணம் இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். கடைசி வரை கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை.

1927-ல் சென்னை மவுண்ட் ரோட்டில் நின்ற நீல் சிலையை அகற்றக் கோரிச் சத்தியாக்கிரகம் நடந்தது. 1857-ம் ஆண்டு புரட்சியில் வட இந்திய மக்களை ஈவு இரக்கம் இல்லாமல் கொன்ற தளபதி இந்த நீல். அந்தப் போராட்டத்துக்குக் காமராஜரைத் தலைவராகத் தேர்ந்து எடுத்தார்கள். சைமன் கமிஷன் வந்ததால் போராட்டம் நின்றது. பத்து ஆண்டு கழித்து, 1937-ல், ராஜாஜி மந்திரிசபை அந்தச் சிலையைத் தெருவில் இருந்து எடுத்து மியூசியத்துக்கு அனுப்பியது.

ஒரு பிடி உப்பு

1930-ம் ஆண்டு பிறந்தது.

உப்பு இல்லாத வீடு உண்டா? கூழுக்கும் உப்பு வேண்டும். பலகாரத்துக்கும் உப்பு வேண்டும். அந்த உப்புக்கு வெள்ளைக்கார சர்க்கார் வரி போட்டது. கடற்கரையில் தானாக விளைந்து கிடக்கும் உப்பை ஏழை அள்ளினால் அது குற்றம்!

ஜமீன்தாரும் உப்பு தின்கிறார். அவர் வயலில் நாற்று நடும் கூலிக்காரியும் உப்பு தின்கிறாள். இருவர் கொடுக்கும் வரியும் ஏறத்தாழ ஒன்றே. வெயிலில் வேலை செய்கிறவளுக்குத்தான் உப்பு அதிகம் வேண்டும். அதனால்தான் காந்திஜி உப்பைத் தேர்ந்து எடுத்தார். எந்த ஏழைக்கும் புரியும் அநியாயம் அது.

மார்ச் 12-ந் தேதி காந்திஜி சபர்மதி ஆசிரமத்தில் இருந்து தண்டி கடற்கரைக்கு நடந்தார். தமிழ்நாட்டில் ராஜாஜி ஏப்ரல் 13-ந் தேதி திருச்சியில் இருந்து புறப்பட்டார். ஏறக்குறைய நூறு தொண்டர்கள் உடன் நடந்தார்கள். போகும் இடம் தஞ்சை ஜில்லா வேதாரணியம். தூரம் சுமார் 150 மைல்.

தஞ்சாவூர்க் கலெக்டர் தார்ன் ஒரு உத்தரவு போட்டார். தொண்டர்களுக்குச் சோறு போட்டாலும் இடம் கொடுத்தாலும் சிறை என்று எச்சரித்தார்.

மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சோற்றுப் பொட்டலங்களை வழிநெடுக மரக் கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள்! யார் கட்டியது என்று போலீசுக்குத் தெரியாது. நடந்து வந்த தொண்டர்கள் அவிழ்த்துச் சாப்பிட்டார்கள். துணிந்து வெளிப்படையாகச் சோறு போட்டவர்களும் உண்டு. அவர்கள் சிறைக்குப் போனார்கள்.

வேதாரணியத்தில் வைரப்பன் என்று ஒரு நாவிதத் தொழிலாளி இருந்தார். போலீஸ்காரருக்குச் சவரம் செய்வது இல்லை என்று அவர் முடிவு செய்து இருந்தார். ஒரு நாள் ஒருவர் வந்து உட்கார்ந்தார். பாதி சவரம் ஆனபிறகே அவர் போலீஸ்காரர் என்று தெரிந்தது. வைரப்பன் கத்தியைக் கீழே வைத்துவிட்டார் என்று அந்த ஊரில் இன்றும் சொல்லுகிறார்கள். அவருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. அவருக்கு அங்கே நினைவுத்தூண் இருக்கிறது.

வயலில் நிற்கிறவர், கடையில் நிற்கிறவர், சவரக் கத்தி பிடிக்கிறவர் எல்லோரும் தம்மால் ஆனதைச் செய்தார்கள். யாரும் கல் எறியவில்லை. உன் அநியாயத்துக்கு என் கை உதவாது என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள்.

ஏப்ரல் 30-ந் தேதி ராஜாஜி உப்பு அள்ளிக் கைது ஆனார். அவருக்குப் பின்னால் தொண்டர்கள் அலை அலையாக வந்துகொண்டே இருந்தார்கள். காமராஜரும் வேதாரணியம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டார். ஜூன் மாதம் அவருக்கு இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள்.

கல்கத்தாவில் பேரன், விருதுநகரில் பாட்டி

அது அவருக்கு முதல் சிறை. வயது 26.

அவரை வைத்த இடம் எங்கே தெரியுமா? கல்கத்தா அலிப்பூர் சிறை! விருதுநகரில் இருந்து ஆயிரம் மைலுக்கும் அப்பால். பார்க்க வேண்டும் என்றால் ரயில் செலவுக்கே குடும்பம் கடன்பட வேண்டும்.

சிறைக்குப் போவது பற்றிப் பேசும்போது நாம் சிறைக்குள் இருப்பவரை மட்டும் நினைக்கிறோம். வீட்டில் இருப்பவரை நினைப்பது இல்லை.

காமராஜரை வளர்த்ததில் பாட்டி பார்வதி அம்மாளுக்குப் பெரும் பங்கு உண்டு. பேரன் எப்போது வருவான் என்று அந்த மூதாட்டி ஏங்கினார். ஏக்கத்தில் நோயில் விழுந்தார். பரோலில் வந்து ஒரு முறை பார்த்துவிட்டுப் போகும்படி உறவினர் வேண்டினார்கள் என்றும், காமராஜர் மறுத்துவிட்டார் என்றும் அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்லுகிறார்கள்.

கல் நெஞ்சமா? இல்லை. சர்க்காரிடம் சலுகை கேட்பது இல்லை என்று போனவர்கள் அவர்கள். ஒருவர் கேட்டால், உடன் இருக்கும் நூறு பேரின் உறுதி தளரும். பிள்ளை சிறையில் கொடுத்த விலையை விடப் பாட்டி வீட்டில் கொடுத்த விலை குறைந்தது அல்ல.

1931-ம் ஆண்டு மார்ச் 5-ந் தேதி காந்தி-இர்வின் ஒப்பந்தம் ஏற்பட்டது. சத்தியாக்கிரகக் கைதிகளை விடுதலை செய்தார்கள். காமராஜரும் தண்டனைக் காலம் முடியும் முன்பே விடுதலை ஆனார். கடற்கரைக் கிராம மக்கள் தங்கள் வீட்டுத் தேவைக்கு உப்பு எடுத்துக்கொள்ள அந்த ஒப்பந்தம் வழி செய்தது. உப்பு வரி முழுதும் ஒழிந்தது 1947-ம் ஆண்டில்.

வெடிகுண்டு வழக்கு

அமைதி நீடிக்கவில்லை. 1932 ஜனவரி மாதம் காந்திஜியை மறுபடி கைது செய்தார்கள். கூட்டம் கூடக்கூடாது, ஊர்வலம் போகக்கூடாது என்று 144 தடை உத்தரவு போட்டார்கள்.

விருதுநகரில் தினமும் ஊர்வலம் நடந்தது. முன்னால் நின்றவர் காமராஜர். அவரைக் கைது செய்து ஓர் ஆண்டு தண்டனை கொடுத்தார்கள்.

அவர் விடுதலை ஆகி வந்தபிறகு ஒரு பெரிய சோதனை காத்து இருந்தது. 1933-ம் ஆண்டு விருதுநகர் வெடிகுண்டு வழக்கு எழுந்தது. அதில் காமராஜரின் பெயரையும் சேர்த்துவிட்டார்கள்!

எண்ணிப் பாருங்கள். கள்ளுக் கடை வாசலில் கும்பிட்டு நின்றவர் மீது வெடிகுண்டு வழக்கு. உப்புச் சட்டத்தை மீறினால் அவர் மறைக்க மாட்டார். ஆமாம், மீறினேன் என்று சொல்லிவிட்டுச் சிறைக்குப் போவார். செய்யாத குற்றத்துக்கு எப்படிப் போவது? வழக்கில் தோற்றால் அவருக்கு மட்டும் கேடு அல்ல. காங்கிரஸ்காரர்களின் அகிம்சை வெறும் வேஷம் என்று சர்க்கார் பறைசாற்றும்.

டாக்டர் வரதராசுலு நாயுடுவும், மதுரையின் பெயர் பெற்ற வக்கீல் ஜார்ஜ் ஜோசப்பும் அவருக்காக வாதாடினார்கள். இந்த இருவரின் மேடைப் பேச்சையும் கேட்டு வளர்ந்தவர்தான் காமராஜர். குற்றச்சாட்டில் ஆதாரம் இல்லை என்பது வெளிப்பட்டது. காமராஜர் வெளியே வந்தார்.

1937-ம் ஆண்டுத் தேர்தலில் சாத்தூர்த் தொகுதி மக்கள் அவரைச் சென்னைச் சட்டசபைக்கு அனுப்பினார்கள். 1940-ம் ஆண்டு அவர் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைவர் ஆனார். அவருக்கு அரசியல் குருவாக இருந்தவர் தீரர் சத்தியமூர்த்தி. மாணவர் தலைவர் ஆனதும், குரு அவருக்குக் கீழே காரியதரிசியாக இருக்க முன்வந்தார்!

யுத்த நிதி

அப்போது இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டு இருந்தது. இந்திய மக்களைக் கேட்காமலே இந்தியாவை யுத்தத்தில் இழுத்துவிட்டார்கள். சென்னை கவர்னர் ஆர்தர் ஹோப் யுத்த நிதி திரட்டினார்.

காமராஜர் ஊர் ஊராகப் போனார். யுத்த நிதிக்குக் காசு கொடுக்காதீர்கள் என்று மக்களிடம் சொன்னார்.

காந்திஜி அந்தச் சமயம் தனிநபர் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கி இருந்தார். கூட்டமாகப் போவது இல்லை. காந்திஜி சம்மதித்த ஆள் மட்டுமே, முன்கூட்டி அறிவித்துவிட்டு, தனி ஆளாகப் போய்க் கைது ஆகவேண்டும். தமிழ்நாட்டுத் தொண்டர்களின் பட்டியலைக் காந்திஜியிடம் காட்டச் சம்மதம் பெறக் காமராஜர் வார்தாவுக்குப் புறப்பட்டார்.

வழியில் குண்டூரில் போலீசார் மடக்கினார்கள். யுத்த நிதிக்கு எதிராகப் பேசியதற்காகக் கைது செய்தார்கள். 1940 டிசம்பர் மாதம் அது. வேலூர்ச் சிறையில் அடைத்தார்கள்.

அங்கே இருக்கும்போதுதான் விருதுநகர் மக்கள் அவரைச் சேர்மன் ஆக்கினார்கள். 1941 நவம்பரில் விடுதலை ஆனதும் அவர் அந்தப் பதவியை விட்டு விலகியதை முன்பே பார்த்தோம்.

மறுபடி சிறைக்குப் போகவேண்டி வரும் என்று எண்ணித்தானே விலகினார்? ஒன்பதே மாதத்தில் அது உண்மை ஆயிற்று.

அரக்கோணத்தில் இறங்கினார்

1942 ஆகஸ்ட் 8-ந் தேதி பம்பாயில் காங்கிரஸ் மகாசபைக் கமிட்டி கூடியது. வெள்ளையனே வெளியேறு என்ற தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் விடியும் முன்பே காந்திஜியைக் கைது செய்தார்கள். நாடெங்கும் தலைவர்களைப் பிடிக்க உத்தரவு பறந்தது.

காமராஜர் பம்பாயில் இருந்து ரயில் ஏறினார். தீர்மானத்தைத் தமிழ்நாட்டுத் தொண்டர்களிடம் சேர்க்கவேண்டும். அதற்கு முன்னால் பிடிபடக்கூடாது.

சென்னையில் போலீசார் காத்து இருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் சென்னை வரை போகவில்லை. அரக்கோணத்திலேயே இறங்கிவிட்டார். அங்கேயும் போலீசார் நின்றார்கள். அவர்கள் கண்ணில் படாமல் வெளியேறினார்.

ராணிப்பேட்டைக்குப் போனார். தஞ்சாவூர் போனார். திருச்சி போனார். மதுரை போனார். அங்கங்கே தொண்டர்களைப் பார்த்தார். சொல்லவேண்டியதைச் சொன்னார். போலீசார் தேடிக்கொண்டே இருந்தார்கள்.

கடைசியில் விருதுநகருக்கு வந்தார். வேலை முடிந்துவிட்டது, இனி என்னைக் கைது செய்யலாம் என்று உள்ளூர்ப் போலீசுக்குத் தாமே சொல்லி அனுப்பினார்!

திருடன் ஒளிவான். சத்தியாக்கிரகி வேலை முடியும் வரை மறைந்து இருந்தாலும், முடிந்ததும் தானே வந்து நிற்பான். இதுதான் வித்தியாசம்.

அந்த ஆகஸ்டு மாதம் எல்லா இடத்திலும் அகிம்சை நிலைக்கவில்லை. தலைவர்கள் உள்ளே போனபிறகு, பல ஊர்களில் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். தந்திக் கம்பியை அறுத்தார்கள். போலீஸ் துப்பாக்கிக்குப் பலர் பலி ஆனார்கள். கோபத்தை அடக்கி நிற்பது எவ்வளவு கடினம் என்பதற்கு அதுவும் சாட்சி.

காமராஜரை வேலூரிலும், மத்திய மாகாணத்தில் உள்ள அமராவதியிலும் வைத்து இருந்தார்கள். விசாரணை இல்லை. தண்டனைக் காலம் இவ்வளவு என்ற கணக்கும் இல்லை. எப்போது விடுவார்கள் என்று தெரியாத சிறை அது.

உள்ளே இருக்கும்போது ஒரு செய்தி வந்தது. 1943 மார்ச் 28-ந் தேதி சத்தியமூர்த்தி காலமாகிவிட்டார். குருவின் முகத்தைக் கடைசியாக ஒரு முறை பார்க்கவும் மாணவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

1945 ஜூன் மாதம் காமராஜர் விடுதலை ஆனார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன. உள்ளே போகும்போது வயது 39. வெளியே வரும்போது 42-ஐத் தொட்டுக்கொண்டு இருந்தார்.

குருவின் வீட்டில் கொடி

1947 ஆகஸ்ட் 15. நாடு விடுதலை அடைந்தது.

காமராஜர் முதலில் எங்கே போனார்? சத்தியமூர்த்தியின் வீட்டுக்குப் போனார். அங்கே தேசியக் கொடியை ஏற்றினார். விடுதலையைப் பார்க்காமல் போனவரின் வாசலில் அது பறந்தது.

1954 ஏப்ரல் 13-ந் தேதி காமராஜர் சென்னை ராஜ்யத்தின் முதல்-மந்திரி ஆனார். 1963 அக்டோபர் 2-ந் தேதி வரை பதவியில் இருந்தார். வேறு யாரும் கேட்டு விலகவில்லை. கட்சி வேலைக்காகத் தாமே விலகினார். விருதுநகர் சேர்மன் நாற்காலியை விட்டு எழுந்தது போலவே, முதல்-மந்திரி நாற்காலியை விட்டும் எழுந்தார்.

பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியச் சோறு போடும் திட்டத்தை அவர் விரிவாக்கினார். பிடி அரிசியில் நடந்த பள்ளியில் படித்தவர் அல்லவா? சோறு போட்டால் பிள்ளை பள்ளிக்கு வரும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவேண்டியது இல்லை.

1975 அக்டோபர் 2-ந் தேதி, காந்திஜி பிறந்த நாள் அன்று, காமராஜர் சென்னையில் காலமானார். அவர் குடி இருந்தது வாடகை வீடு. மறு ஆண்டு பாரத ரத்னா விருது அளித்தார்கள். அவர் பிறந்த ஜூலை 15-ஐத் தமிழ்நாட்டுப் பள்ளிகள் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடுகின்றன.

விருதுநகரில் அவர் வாழ்ந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. பட்டாசு வாங்கச் சிவகாசிக்குப் போகிறவர்கள் வழியில் இறங்கிப் பார்க்கலாம். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். பெரிய மாளிகை என்று எண்ணிப் போகாதீர்கள். சிறிய வீடு.

அந்த வீட்டில் ஒரு தாய், மகன் இல்லாத பொங்கலையும் தீபாவளியையும் ஆண்டுக்கணக்கில் கழித்தார். அவரைப் போன்ற தாய்மார் தமிழ்நாட்டில் ஆயிரம் ஆயிரம் பேர். உப்பு அள்ளப் போனவர்கள், ஆலைக்குப் போகாமல் நின்றவர்கள், மரத்தில் சோறு கட்டியவர்கள் ஆகியோரின் வீடுகளிலும் இதே கதைதான்.

அவர்களில் பெரும்பாலோர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஒரு பிடி அரிசி போட்டவரின் பெயரைப் பள்ளிச் சுவரில் எழுதுவது இல்லை. ஆனால் அந்தப் பிடி அரிசி இல்லாமல் பள்ளி நடக்காது.